மாணவர் பேண்டின் முதல் பாட்டு: இரண்டு மைக், ஒரு லேப்டாப், வேலூர் வெயில்

நான்கைந்து பேர் கொண்ட ஒரு கல்லூரி பேண்டு, சொந்தமாக மெட்டுப் போட்ட ஒரு பாட்டு, ஒரு லேப்டாப், இரண்டு மைக். இவ்வளவு இருந்தால் வேலூரிலோ காட்பாடியிலோ ஒரு வீட்டு அறைக்குள்ளேயே, நாலு பேர் காது கொடுத்துக் கேட்கும்படி ஒரு பாட்டைப் பதிவு செய்துவிடலாம். சென்னைக்குப் போய் மணிக்கணக்கில் ஸ்டூடியோ வாடகை கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: "அப்புறம் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம்" என்று விட்டுவைத்த எதுவும் அப்புறம் சரியாவதில்லை. மைக்கை ஒரு சாண் நகர்த்தினால் கிடைக்கும் மாற்றத்தை எந்த மென்பொருளும் தராது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் ரெக்கார்டு பட்டனை அமுக்கும் முன் செய்யவேண்டிய வேலைகள்தான்.

1. சாமான்கள்

லேப்டாப்பில் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வேண்டும். மைக் போடவும் கிடார் போடவும் இரண்டு இன்புட் உள்ள சிறிய பெட்டி போதும். பத்தாயிரம் ரூபாய்க்கு உள்ளேயே நல்லது கிடைக்கிறது. 48 வோல்ட் பாண்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். அது இல்லாமல் கண்டென்சர் மைக் (சின்ன ஒலியையும் பிடிக்கும் ஸ்டூடியோ மைக்) வேலை செய்யாது.

மைக்கில் ஒன்று கண்டென்சர், ஒன்று டைனமிக். மேடையில் பாடகர்கள் கையில் பிடிக்கிறார்களே, அதுதான் டைனமிக். அதை வாங்கக்கூட வேண்டாம். உங்கள் ஏரியாவில் கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் மைக் செட் போடும் கடையில் ஒரு நாள் வாடகைக்குத் தருவார்கள். ஸ்டேண்டும் நீளமான எக்ஸ்எல்ஆர் கேபிளும் அங்கேயே கிடைக்கும். வாங்கும்போது கேபிளை மைக்கில் செருகி, முனையில் ஆட்டிப் பாருங்கள். கரகர என்றால் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

மென்பொருளுக்குச் செலவு வேண்டாம். ஆடாசிட்டி இலவசம், ஆனால் பல டிராக்கில், அதாவது ஒவ்வொரு வாத்தியத்தையும் தனிப் பதிவாக வைத்து, பேண்டு வேலை செய்ய ரீப்பர் வசதி; 60 நாள் எல்லா வசதியோடும் சோதித்துப் பார்க்க விடுவார்கள். மேக் வைத்திருப்பவருக்கு கேரேஜ்பேண்ட் கூடவே வருகிறது. எதை எடுத்தாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

அப்புறம் காதை முழுக்க மூடும் வயர் ஹெட்போன் இரண்டு, அவற்றைப் பிரித்துக் கொடுக்க ஒரு ஸ்ப்ளிட்டர். ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். அதில் ஒலி நூறு, இருநூறு மில்லி செகண்ட் தாமதமாக வரும். 120 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில், ஒரு பீட்டே 500 மில்லி செகண்ட்தான். அதில் கால் பங்குக்கு மேல் பின்தங்கினால் யாராலும் தாளத்தில் வாசிக்க முடியாது.

2. நாளும் நேரமும்

எங்கள் ஊரில் பதிவின் முதல் எதிரி ஃபேன். ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் நிறுத்தித்தான் ஆகவேண்டும். சீலிங் ஃபேனின் காற்று கண்டென்சர் மைக்கில் தடதட என்று விழும். ஃபேன் இறக்கைகள் ஒலியை வெட்டி வெட்டித் திருப்பி அனுப்புவதால் குரலில் ஒரு நடுக்கமும் ஏறும். நாய்ஸ் ரிடக்ஷன் போட்டு அதை எடுத்தால் குரலும் சேர்ந்து தகரமாகிவிடும்.

அதனால் விடியற்காலை ஐந்திலிருந்து எட்டரை வரை மைக் போடும் வேலை. வெயில் ஏறிய பிறகு பேஸ் கிடார், கீபோர்டு மாதிரி நேராகக் கேபிளில் செருகும் வாத்தியங்கள். அவற்றுக்கு ஃபேன் சத்தம் ஒரு பொருட்டே இல்லை, தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். இந்த ஒரு ஏற்பாட்டிலேயே பாதிச் சண்டை குறையும். காலை வேளையிலும் ஒரு டேக் (ஒரு முறை வாசித்துப் பதிவது) முடிந்த நொடியில் "ஃபேன்ணா!" என்று ஒரு குரல் வரத்தான் செய்யும். போடுங்கள். அடுத்த டேக்குக்கு நிறுத்திய பின் இறக்கை முழுதாக நிற்கும் வரை காத்திருங்கள்.

நாள் பார்ப்பதும் முக்கியம். முகூர்த்த நாளில் மண்டபம் இருக்கும் தெருவில் வேலை நடக்காது. ஆடி மாதம் முழுக்க ஏதாவது ஒரு அம்மன் கோயிலில் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். மார்கழியில் விடியற்காலையே பாட்டுப் போட்டுவிடுவார்கள். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்று அந்தப் பக்கம் மைக்கை உறையிலிருந்து எடுக்கவே வேண்டாம், போய்த் திருவிழா பாருங்கள். காட்பாடி ஜங்ஷன் அருகில் இருப்பவர்களுக்கு ரயில் ஹார்ன், சத்துவாச்சாரிக்காரர்களுக்கு நெடுஞ்சாலையின் ஏர் ஹார்ன். இவற்றைத் தடுக்க வழி இல்லை. டேக்கை நிறுத்தி, விட்ட வரியிலிருந்து எடுப்பதுதான் வழி.

பராமரிப்புக்காக மின்தடை என்று நாளிதழில் அறிவிப்பு வருமே, அந்த நாளை நான் குரலுக்கும் அக்கூஸ்டிக் கிடாருக்கும் ஒதுக்கச் சொல்வேன். தெருவில் ஒரு மோட்டார் ஓடாது, பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடாது. லேப்டாப் பேட்டரியில், அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் இன்டர்ஃபேஸ் ஓடும். 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் அன்றைக்குக் கிடையாது. பக்கத்தில் ஜெனரேட்டர் வைத்த கடை இருந்தால் மட்டும் இந்த யோசனை பலிக்காது.

3. அறை

வகுப்பறையும் கல்லூரி ஆடிட்டோரியமும் பெரிதாகத் தெரியும். பதிவுக்கு இரண்டும் ஆகாது. அறை நடுவில் நின்று பலமாக ஒரு கை தட்டுங்கள். தட்டியது 'ட்ரர்ர்' என்று சுவருக்குச் சுவர் ஓடினால் அடுத்த அறைக்குப் போங்கள். தளம் போட்ட வீட்டில் துணி நிறைந்த பீரோ, கட்டில், மெத்தை உள்ள படுக்கையறைதான் பெரும்பாலும் சிறந்தது. ஓட்டு வீட்டில் எதிரொலி குறைவு, ஆனால் அணிலும் காகமும் பாட்டில் சேர்ந்துவிடும். தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை பற்றிப் பேச்சே வேண்டாம்.

பாடுகிறவருக்குப் பின்னால் ஒரு இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். முன்னால் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். மைக் பார்ப்பது பாடுகிறவரை. அவருக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து திரும்பும் ஒலிதான் நேராக மைக்குக்குள் வரும். இரண்டு பக்கமும் நாற்காலி மேல் கம்பளியோ கெட்டிப் போர்வையோ தொங்கவிடலாம். முட்டை அட்டையை ஒட்டுவது வீண்வேலை. அது ஒலியைத் தடுக்கவும் செய்யாது, சொல்லும்படி உறிஞ்சவும் செய்யாது. கரப்பான்தான் குடிவரும்.

4. கட்டையும் டெம்போவும்

பாடகர் "எனக்கு அஞ்சு கட்டை" என்பார், கிடாரிஸ்ட் "ஜி மேஜரா?" என்பார். இரண்டும் ஒரே இடம்தான்: 1 கட்டை என்றால் சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டைகள் நடுவில் உள்ள கறுப்புக் கட்டைகள். ஸ்கேலை மெட்டுப் போட்டவர் முடிவு செய்யக்கூடாது. சரணத்தின் உச்ச வரியைப் பாடகர் மூன்று முறை தொடர்ந்து பாடட்டும். மூன்றாவது முறையும் தொண்டை இறுகாமல் வந்தால் அதுதான் ஸ்கேல். கூடவே பல்லவியின் அடி ஸ்வரம் கேட்கிறதா என்றும் பாருங்கள். தபேலாவோ புல்லாங்குழலோ இருந்தால் அதையும் கணக்கில் எடுக்கவேண்டும். கிடாருக்கு கேபோ (கழுத்தில் மாட்டும் கிளிப்) போட்டு நகர்ந்துவிடலாம், குழலுக்கு வேறு குழல்தான் எடுக்கவேண்டும்.

டெம்போவுக்கு, எல்லோரும் நன்றாக வாசித்த ஒரு ஒத்திகையை எடுத்து, போனில் உள்ள மெட்ரோனோமில் தட்டிப் பாருங்கள். பல்லவி 92, கடைசிச் சரணம் 101 என்று வந்தால் ஆச்சரியப்படவேண்டாம், எல்லா மாணவர் பேண்டும் ஓடும். நடுவில் ஒரு எண்ணை எடுத்து, அதில் ஒரு வாரம் கிளிக் (மெட்ரோனோமின் டிக் டிக் சத்தம்) வைத்துப் பழகுங்கள். தகிட தகிட என்று திஸ்ர நடையில் போகும் பாட்டுக்கு கிளிக்கையும் சிக்ஸ்-எய்ட்டில் (மூன்று மூன்றாக ஆறு தட்டு) வையுங்கள். நாலு நாலாக அடிக்கும் கிளிக்கின் மேல் அந்த நடையை வாசித்தால் பாட்டு நொண்டும்.

5. ஒத்திகையைப் போனில் பிடியுங்கள்

போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, அறை மூலையில் தலை உயரத்தில் வைத்து முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். பிறகு வெளியே போய் டீ குடித்துக்கொண்டே கேளுங்கள். இன்டர்லூட் இரண்டு மடங்கு நீளம் என்பதும், பாடும்போது கிடாரிஸ்ட் சும்மா இருப்பதே இல்லை என்பதும் அங்கே தெரியும். வெட்டவேண்டியதை இப்போதே வெட்டுங்கள்.

கீபோர்டு வாசிப்பவரிடம் ஒரு விஷயம் தனியாகப் பேசவேண்டும். நம் பக்கம் பெரும்பாலானவர் சர்ச்சிலோ வீட்டிலோ தனியாக வாசித்துப் பழகியவர்கள். இடது கையில் பேஸ், வலது கையில் கார்டு என்று முழுப் பாட்டையும் தானே சுமப்பார்கள். பேண்டில் பேஸ் கிடார் இருந்தால், பஸ்ஸில் ஒரே சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்த கதைதான். இடது கையை எடுக்கச் சொல்லுங்கள். முதலில் முறைப்பார். கேட்டதும் ஒத்துக்கொள்வார்.

6. லேப்டாப்பில் செய்யவேண்டியவை

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பஃபர் (ஒலியை லேப்டாப் தேக்கிவைக்கும் அளவு; குறைத்தால் ஹெட்போனில் தாமதம் குறையும்) 128. வைஃபை, ப்ளூடூத், அப்டேட் எல்லாம் நிறுத்தம். இந்த அளவில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு சுமார் 8.6 எம்பி பிடிக்கும். நாலு நிமிடப் பாட்டுக்குப் பன்னிரண்டு டிராக் என்றால் ஏறக்குறைய 415 எம்பி. பல டேக் சேரும்போது பல மடங்காகும், இடம் விட்டுவையுங்கள்.

லெவல் வைப்பதில் ஒரே விதி: பாட்டின் மிகச் சத்தமான இடத்தை வாசிக்கச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அருகே தொடும்படி இன்டர்ஃபேஸில் உள்ள கெயின் குமிழைத் திருப்புங்கள். சிவப்பு வரை ஏற்றவேண்டியதில்லை. 24 பிட்டில் மெதுவாகப் பதிந்ததைப் பிறகு தூக்கலாம், கிழிந்ததைத் தைக்க முடியாது. சோதனையில் மெதுவாக வாசிப்பவர், பதிவு என்றதும் வேகம் வந்து வெளுத்து வாங்குவார். அதற்கும் சேர்த்துத்தான் மைனஸ் 12.

7. கைடு டிராக்

மற்றவர்கள் ஹெட்போனில் கேட்டபடி வாசிக்க ஒரு வழிகாட்டிப் பதிவு: கிளிக்கோடு, ஒரு கிடார் ஒரு குரல், முழுப் பாட்டு. இது கடைசியில் அழிக்கப்படும், ஆனால் அரைகுறையாகப் பாடினால் மற்ற எல்லோரும் அரைகுறையாகவே வாசிப்பார்கள். உணர்ச்சியோடு பாடச் சொல்லுங்கள். "ரெண்டாவது சரணம்", "பிரேக்" என்று நடுவில் பேசிப் பதிந்து வைத்தால் ட்ரம்மருக்கு உதவி.

8. தாளம்

இங்கேதான் அதிக நேரம் போகும், போகட்டும்.

முழு ட்ரம் செட்டுக்கு இரண்டு மைக் போதும். டைனமிக் மைக்கை, காலால் மிதித்து அடிக்கும் கிக் ட்ரம்மின் ஓட்டைக்கு நேராக, ஓட்டை இல்லை என்றால் முன் தோலிலிருந்து நாலு விரல்கடை தள்ளி வையுங்கள். கண்டென்சர் மைக்கை ட்ரம்மரின் வலது தோளுக்கு மேலே, தலையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், ஸ்னேரைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். எட்டு பார் வாசிக்கச் சொல்லிப் பதிந்து, கேட்டு, மைக்கை ஒரு சாண் நகர்த்தி மறுபடி பதியுங்கள். சிம்பல் தூக்கலாக இருந்தால் மைக்கை அதிலிருந்து விலக்கி ஸ்னேர் பக்கம். ஸ்னேர் டப்பாவாகக் கேட்டால் இன்னும் மேலே.

பிறகு மென்பொருளில் ஒரு மைக்கின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேல்-கீழ் திசையை, தலைகீழாக்கிப் பாருங்கள். எந்த நிலையில் கிக் கனமாகக் கேட்கிறதோ அதுதான் சரி. இதற்கு ஒரு நொடி ஆகும். இதைச் செய்யாமல் மணிக்கணக்கில் ஈக்யூவை (அடி ஒலி, மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) திருகியவர்கள் உண்டு.

ஆனால் உண்மையான மிக்ஸிங் ட்ரம்மரின் கையிலும் காலிலும் இருக்கிறது. இளம் ட்ரம்மர்கள் ஹை-ஹாட்டை (ஜோடிச் சிம்பல்) வெளுப்பார்கள், கிக்கை வருடிவிடுவார்கள். ஒரே மேல் மைக்கில் ஹை-ஹாட்டைத் தனியாகக் குறைக்க முடியாது. "தம்பி, ஹை-ஹாட்டுக்குக் குச்சி நுனி மட்டும். ஸ்னேரை நடுவுல அடி. கிக்கை மிதிச்சிட்டுக் காலை எடுத்துடு" என்று சொல்லி, பதிந்ததை அவருக்கே போட்டுக் காட்டுங்கள். அடுத்த டேக்கில் வித்தியாசம் தெரியும். ஸ்னேர் கணகண என்று நீளமாக ஒலித்தால் தோலின் ஓரத்தில் மடித்த கர்ச்சீப்பை டேப் போட்டு ஒட்டுங்கள்.

கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி) என்றால் வேலை சுலபம்: முன்னால் ஒரு சாண் தள்ளி ஒரு மைக், பின் ஓட்டையில் ஒன்று, போலாரிட்டி திருப்பம். ரிதம் பேட் என்றால் நேராக லைன் இன்புட். பறை சேர்ப்பவர்கள் மைக்கை ஏழெட்டு அடி தள்ளி, கெயினை நன்றாகக் குறைத்து வையுங்கள். தோலைக் காய்ச்சும் வேலை வெளியே, வாசித்துப் பதிவது உள்ளே. காய்ச்சிய பறை ஆறினால் சுருதி இறங்கும், அதனால் எல்லா அமைப்பும் தயாரான பிறகே நெருப்பு மூட்டச் சொல்லுங்கள்.

9. பேஸ், கிடார், கீபோர்டு, குழல்

பேஸ் கிடாரையும் எலெக்ட்ரிக் கிடாரையும் இன்டர்ஃபேஸில் நேராகச் செருகி, 'இன்ஸ்ட்ருமென்ட்' பட்டனை அமுக்குங்கள். அதை மறந்தால் ஒலி மந்தமாக வரும். ஆம்ப் ஒலியை மென்பொருளிலேயே இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். அக்கூஸ்டிக் கிடாருக்குக் கண்டென்சர் மைக், பன்னிரண்டாவது ஃப்ரெட்டைப் பார்த்து ஒரு சாண் தூரம். ஒலித்துளைக்கு நேராக வைத்தால் 'பூம்' என்று ஊதும். கம்பிகளை இரண்டு நாளுக்கு முன்பே மாற்றுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் ட்யூனர்.

கீபோர்டின் இடது, வலது இரண்டு அவுட்டும் இன்டர்ஃபேஸின் இரண்டு இன்புட்டுக்கு. கீபோர்டுக்குள் இருக்கும் ரீவெர்ப்பை (அறை எதிரொலி போன்ற எஃபெக்ட்) அணைத்துவிடுங்கள்.

குழல் இருந்தால் ஒரு எச்சரிக்கை: வெயில் ஏற ஏறக் குழலின் சுருதி ஏறும், கிடார் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும், கீபோர்டு அசையாது. குழலையும் கிடாரையும் ஒரே காலையில் பதிந்துவிடுவது நல்லது.

10. குரல்

குரலைக் கடைசியில், தனி நாளில் வையுங்கள். பேண்டில் நாலு பேர் சுற்றி நின்று பார்த்தால் யாருக்கும் குரல் எழும்பாது. பாடுகிறவர், பதிகிறவர் இரண்டே பேர். மற்றவர்களை டிபன் வாங்க அனுப்புங்கள்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண். நடுவில் பாப் ஃபில்டர், இல்லாவிட்டால் வளையத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், மூக்கு உயரத்தில் வைத்துக் கொஞ்சம் கீழே சாய்த்தால் 'ப'வின் காற்று நேராக மோதாது. மிக அருகில் போனால் குரல் கனக்கும்; சிலருக்கு அது அழகு, பலருக்கு மூக்கடைத்த மாதிரி. இரண்டையும் பதிந்து பார்த்து முடிவு செய்யுங்கள். பாட்டு வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதி முகத்துக்கு நேராக ஒட்டுங்கள். கையில் பேப்பர் இருந்தால் சரசரக்கும், குனிந்து படித்தால் தொண்டை மடியும்.

ஹெட்போனில் தன் குரல் போதிய அளவு கேட்காவிட்டால் பாடகர் கத்துவார், சுருதி ஏறும். அதிகம் கேட்டால் தயங்குவார். ஒரு காதை மட்டும் மூடிப் பாடுவது பலருக்கு வசதி. அப்போது திறந்த பக்கத்து ஹெட்போனைத் தோளோடு அழுத்தி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கிளிக் சத்தம் மைக்கில் ஏறும்.

முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் நாலு டேக் எடுங்கள். பிசிறு வந்தாலும் நிறுத்தவேண்டாம். வரி வரியாக எடுத்து ஒட்டிய பாட்டில் மூச்சு இருக்காது. நாலில் நல்ல வரிகளைப் பொறுக்கிச் சேர்த்து, எதிலுமே சரியாக வராத இடத்தை மட்டும் பஞ்ச் செய்யுங்கள் (அந்த இடத்தில் மட்டும் புதிதாகப் பதிவது), அதற்கு முந்தைய வரியிலிருந்து பாடவைத்து. தொண்டை கரகரத்தால் வெந்நீர், பத்து நிமிடம் பேசாமல் இருப்பது. பத்து டேக்குக்கு மேல் போனால் அன்றைக்கு மூட்டை கட்டிவிடுங்கள்.

கோரஸுக்கு இப்போது எல்லோரையும் கூப்பிடலாம். ஒரே மைக்கைச் சுற்றி அரைவட்டம், சத்தமாகப் பாடுபவர் இரண்டடி பின்னால், கூச்சப்படுபவர் முன்னால். ஒருமுறை பாடிவிட்டு, இடம் மாறி நின்று மறுபடி பாடுங்கள். ஒன்றை இடப்பக்கம், ஒன்றை வலப்பக்கம் வைத்தால் ஐந்து பேர் பத்துப் பேராகக் கேட்கும்.

எழுந்து போவதற்கு முன் முழு ஃபோல்டரையும் பென் டிரைவில் ஒரு காப்பி, இன்னொருவர் லேப்டாப்பில் ஒரு காப்பி.

11. மிக்ஸ்

இரண்டு நாள் பாட்டைக் கேட்காமல் இருந்துவிட்டு உட்காருங்கள். இனி யாரும் வாசிக்கப்போவதில்லை, தாமதம் பொருட்டில்லை; பஃபரை 1024க்கு ஏற்றுங்கள். எந்த எஃபெக்ட்டும் போடாமல் வால்யூம், இடம் வலம் இரண்டை மட்டும் வைத்து முதலில் பாட்டை நிற்க வையுங்கள். கிக், பேஸ், முதன்மைக் குரல் நடுவில். கிடார் ஒரு பக்கம், கீபோர்டு மறுபக்கம். வாசிக்காத இடங்களில் டிராக்கை வெட்டி, வெட்டிய முனையில் சின்ன ஃபேடு கொடுங்கள்.

பிறகு குரலில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. கிடார், கீபோர்டிலும் அப்படியே, அங்கே இன்னும் மேலே வெட்டலாம். குரலுக்கு மூன்றுக்கு ஒன்று அளவில் மிதமான கம்ப்ரெசர் (சத்தமான இடங்களை அடக்கும் கருவி). அதற்கு முன்பே ஒவ்வொரு வரியின் வால்யூமையும் கையால் சமன்செய்துவிட்டால் கம்ப்ரெசருக்கு வேலை குறைவு. ரீவெர்ப்பை எல்லோரும் அள்ளிக் கொட்டுவார்கள். கேட்கிற வரை ஏற்றி, கேட்காமல் போகும் வரை இறக்கி, அங்கிருந்து ஒரு நூல் ஏற்றுங்கள். ஒரே ரீவெர்ப்பை எல்லா டிராக்குக்கும் அனுப்பினால் வெவ்வேறு நாளில் பதிந்தவை ஒரே அறையில் வாசித்ததுபோல் சேரும்.

குறைந்த சத்தத்தில் மிக்ஸ் செய்யுங்கள். அப்போதும் வரிகள் புரிந்தால் சரி. போன் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள்; பேஸ் காணாமல் போயிருந்தால் பேஸ் டிராக்கில் கொஞ்சம் டிஸ்டார்ஷன் சேர்த்தால் அதன் மேல் ஒலிகள் அங்கேயும் கேட்கும். தெரிந்த ஆட்டோக்காரர் இருந்தால் அவர் வண்டி ஸ்பீக்கரிலும் ஒருமுறை. அங்கே குரல் மூழ்கினால் குரலை ஏற்றுங்கள், மற்ற எதையும் தொடாதீர்கள்.

12. வெளியே விடுவது

யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சத்தத்தைச் சமன்செய்துவிடும். அதைவிட நசுக்கி ஏற்றிக் கொடுத்தாலும் அவர்கள் இறக்கிவிடுவார்கள், நசுங்கியது மட்டும் மிஞ்சும். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் லிமிட்டர் வையுங்கள். வேவ் கோப்பாக எடுங்கள். நண்பர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

ஏற்றுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் வரிகள் யார், மெட்டு யார், வாசித்தவர்கள் யார், பணம் ஏதும் வந்தால் எப்படிப் பங்கு என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்பார்கள். கடைசி செமஸ்டர் முடிந்து ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகு இந்தத் தாள்தான் பேசும். தாளைப் போட்டோ எடுத்து, ஸ்கேல், டெம்போ, தனித்தனி டிராக்குகளின் வேவ் கோப்புகளோடு அதே ஃபோல்டரில் போட்டுவையுங்கள். ஒவ்வொரு டிராக்கும் பாட்டின் தொடக்கமான பூஜ்யத்திலிருந்தே இருக்கட்டும், அப்போதுதான் வேறு எந்த மென்பொருளில் திறந்தாலும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரும். வாடகை மைக்கை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மறுநாள் வாடகை ஏறும்.